ஆழ்துளைக் கிணற்று நீரும் குழந்தைகளின் பல் கறையும்: புளோரைடு பற்பசையை நிறுத்த வேண்டுமா?

கயல்விழி (தொடக்கப் பதிவு)

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோட்டை அடுத்த ஒரு கிராமத்தில் வசிக்கிறோம். என் மகளுக்கு ஏழு வயதாகிறது. பால் பற்கள் விழுந்தபின் முளைத்த மேல் முன்பற்கள் இரண்டிலும் வெள்ளைத் திட்டுகள் இருந்தன. இப்போது அவற்றின் நடுவே இளம்பழுப்பு நிறமும் படர்ந்து வருகிறது. பள்ளியில் நடந்த பல் பரிசோதனை முகாமில் "புளோரோசிஸ்" என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்களே தவிர, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

சேலத்தில் இருக்கும் என் நாத்தனார், பற்பசையில் இருக்கும் புளோரைடுதான் இதற்குக் காரணம் என்றும், வீட்டில் எல்லோரும் உடனே மூலிகைப் பற்பொடிக்கு மாறிவிட வேண்டும் என்றும் சொல்கிறார். மாமியாரோ, இந்த ஊரில் போர் தண்ணீர் வந்த பிறகு பிறந்த பிள்ளைகளுக்கெல்லாம் பல் இப்படித்தான் இருக்கிறது, கிணற்றுத் தண்ணீர் குடித்த காலத்தில் இல்லை என்கிறார். எனக்கு ஒன்றரை வயதில் ஒரு மகனும் இருக்கிறான். பற்பசையை நிறுத்துவதா, தண்ணீரை மாற்றுவதா, இரண்டையும் செய்வதா? விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மூலிகைத்தோட்டம்

சகோதரி, உங்கள் நாத்தனார் சொல்வதே சரி. புளோரைடு ஒரு நச்சு. எலிப் பாஷாணத்தில் பயன்படுத்தப்பட்ட பொருளைப் பற்பசையில் கலந்து குழந்தையின் வாயில் வைக்கிறோம். வேப்பங்குச்சியும் உமிக்கரியும் கொண்டு பல் துலக்கிய நம் பாட்டன்மாருக்கு இந்தக் கறை இருந்ததில்லை. அமெரிக்காவிலேயே இப்போது சில மாநிலங்கள் குடிநீரில் புளோரைடு கலப்பதைத் தடை செய்துவிட்டன. இதைவிட வேறு சான்று என்ன வேண்டும்?

பல்லவன்

நான் அரசு மருத்துவமனை ஒன்றில் பல் மருத்துவனாகப் பணியாற்றுகிறேன். கயல்விழி அவர்களின் கேள்விக்கு முதலில் வருகிறேன். அமெரிக்கச் சட்டங்களைப் பிறகு பார்க்கலாம்.

படம் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல இயலாது என்றாலும், நீங்கள் விவரிப்பது, உடலுக்குள் புளோரைடு மிகுதியாகச் செல்வதால் வரும் பாதிப்பான புளோரோசிஸின் போக்கோடு ஒத்துப்போகிறது. இடது வலது என இரு பக்கமும் ஒரே வகைப் பற்களில் ஒரே அளவில் திட்டுகள் தோன்றுவது இதன் முக்கிய அடையாளம். ஒரே ஒரு பல்லில் மட்டும் திட்டு இருந்தால், அந்த இடத்துப் பால் பல்லில் முன்பு அடிபட்டதா என்று கேட்போம். ஈறை ஒட்டிய பகுதி மட்டும் வெளுத்திருந்தால் அது சொத்தையின் தொடக்கமாக இருக்கலாம். முளைத்தபோது வெள்ளையாக இருந்து பிறகு பழுப்பாவதும் புளோரோசிஸில் வழக்கமே. பல்லின் கெட்டியான வெளியுறையைத்தான் எனாமல் என்கிறோம். பாதிக்கப்பட்ட எனாமல் நுண்துளைகள் நிறைந்தது. உணவிலும் பானங்களிலும் உள்ள நிறங்களை அது உறிஞ்சிக்கொள்கிறது.

இப்போது முக்கியமான ஒன்று. இந்தக் கறை உங்கள் மகளின் ஏழாவது வயதில் உண்டானது அன்று. நிரந்தர முன்பற்களின் எனாமல், குழந்தை பிறந்த மூன்று நான்கு மாதங்களில் தாடைக்குள் உருவாகத் தொடங்கி, நான்கைந்து வயதுக்குள் முடிந்துவிடுகிறது. அதிலும் மேல் நடுப்பற்களுக்கு ஏறத்தாழ ஒன்றேகால் வயது முதல் இரண்டரை வயது வரையிலான காலமே மிகவும் அபாயமானது. அந்தக் காலத்தில் உடலுக்குள் அதிகமாகச் சென்ற புளோரைடு, எனாமலை உருவாக்கும் செல்களின் பணியைக் குலைக்கிறது. எனாமல் கெட்டிப்படும்போது நீங்க வேண்டிய புரதம் முழுமையாக நீங்காமல் தங்கிவிடுகிறது. அந்தப் பல் ஐந்தாண்டுகள் கழித்து வெளியே வரும்போதுதான் நம் கண்ணுக்குப் படுகிறது. ஆகவே இன்று பற்பசையை மாற்றுவதால் மகளின் முன்பற்களில் எந்த மாற்றமும் வராது. நீங்கள் உடனடியாகக் கவனிக்க வேண்டியது ஒன்றரை வயது மகனை. அவன் இப்போதுதான் அந்த அபாயக் காலத்துக்குள் இருக்கிறான்.

நீர்வழி

மாமியார் சொல்வதை யாரும் பழைய காலத்துப் பேச்சென்று ஒதுக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் நிலத்தடி நீரைப் படித்தவள். அவருடைய அவதானிப்பில் நல்ல நிலவியல் இருக்கிறது.

தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் ஆகிய பகுதிகள் கிரானைட்டும் நைஸும் சார்னோகைட்டும் நிறைந்த கடினப்பாறை நிலம். அப்பாறைகளில் உள்ள அபடைட், பயோடைட், ஹார்ன்பிளெண்ட் போன்ற கனிமங்களில் புளோரைடு இருக்கிறது. திறந்த கிணற்றின் நீர் ஆண்டுதோறும் மழையால் புதுப்பிக்கப்படுவது. பாறையோடு அது இருக்கும் காலம் குறைவு. பல நூறு அடி ஆழத்தில் பாறை வெடிப்புகளுக்குள் தேங்கியிருக்கும் நீரோ நெடுங்காலம் பாறையோடு வினைபுரிந்தது. கால்சியம் மிகுந்த நீரில் புளோரைடு கால்சியம் புளோரைடாகப் படிந்துவிடும். சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்து கால்சியம் குறைந்த நீரில் அது கரைந்தபடியே இருக்கும். ஆகையால் "உப்புக்கரிக்கிறது" என்று ஊரார் ஒதுக்கும் கடின நீரைவிட, "இனிப்பாக இருக்கிறது" என்று விரும்பிப் பிடிக்கும் மென்னீரில் புளோரைடு கூடுதலாக இருக்க முடியும். புளோரைடுக்கு நிறமில்லை, மணமில்லை, இந்த அளவுகளில் சுவையும் இல்லை.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. தண்ணீர் சுத்திகரிப்புக் கருவி விற்க வருபவர்கள் பேனா போன்ற ஒரு கருவியைத் தண்ணீரில் நனைத்து எண் காட்டுவார்கள். அது மொத்தக் கரைபொருளின் அளவு, அதாவது டிடிஎஸ். அந்த எண்ணைக் கொண்டு புளோரைடு இருக்கிறதா இல்லையா என்று சொல்லவே முடியாது.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம், லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீராதாரம் இல்லாதபோது 1.5 மில்லிகிராம் வரை அனுமதிக்கலாம் என்றும் வரையறுக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவும் 1.5தான். ஆனால் அந்தந்த நாட்டின் தட்பவெப்பத்தையும் மக்கள் குடிக்கும் நீரின் அளவையும் கருதியே தரத்தை வகுக்க வேண்டும் என்று அந்நிறுவனமே சொல்கிறது. சித்திரை வெயிலில் நம் பிள்ளைகள் குடிக்கும் தண்ணீரின் அளவை, குளிர்நாட்டுப் பிள்ளை குடிக்கும் அளவோடு ஒப்பிட முடியாது.

மூலிகைத்தோட்டம்

அப்படியானால் புளோரைடு கெடுதல் என்பதை நீங்கள் இருவருமே ஒப்புக்கொள்கிறீர்கள். தண்ணீரில் வந்தால் கெடுதல், பற்பசையில் வந்தால் நன்மை என்பது எந்த ஊர் நியாயம்?

பல்லவன்

அளவும், அது செல்லும் வழியும்தான் நியாயம், ஐயா. கணக்காகவே பார்த்துவிடுவோம்.

பன்னிரண்டு கிலோ எடையுள்ள ஒரு குழந்தையை எடுத்துக்கொள்வோம். எட்டு வயது வரையிலான குழந்தைகளுக்கு, உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.1 மில்லிகிராம் என்பதை மேல் வரம்பாக அமெரிக்காவின் மருத்துவ நிறுவனம் (Institute of Medicine) 1997இல் வகுத்தது. இந்தக் குழந்தைக்கு அது 1.2 மில்லிகிராம். ஊர்த் தண்ணீரில் லிட்டருக்கு 2.4 மில்லிகிராம் புளோரைடு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். குடிப்பதும் உணவில் சேர்வதுமாக அக்குழந்தை ஒரு லிட்டர் தண்ணீரை உட்கொண்டால், அதிலேயே 2.4 மில்லிகிராம் சென்றுவிடுகிறது. வரம்பைப்போல் இரு மடங்கு.

இனி பற்பசை. இந்தியாவில் பற்பசையின் புளோரைடு 1000 பிபிஎம்முக்கு மிகக்கூடாது என்பது மருந்து மற்றும் அழகுப்பொருள் விதி. அதாவது ஒரு கிராம் பற்பசையில் ஒரு மில்லிகிராம். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பரிந்துரைக்கப்படும் அரிசி மணி அளவுப் பற்பசை ஏறத்தாழ 0.1 கிராம். இருவேளையும் துலக்கி, துளியும் துப்பாமல் முழுவதையும் விழுங்கினாலும் 0.2 மில்லிகிராம். விளம்பரத்தில் காட்டுவதுபோல் தூரிகையின் முழு நீளத்துக்கும் பிதுக்கிவிட்டால் அதுவே ஒரு கிராமை எட்டும். விழுங்கும் பழக்கமுள்ள குழந்தைக்கு அது தவறுதான், அதில் உங்களோடு எனக்கு வேறுபாடில்லை.

நன்மை எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இனிப்போ மாவுப்பண்டமோ தின்றதும் வாயில் உள்ள பாக்டீரியாக்கள் அமிலம் உண்டாக்குகின்றன. அமிலம் கூடக் கூடக் குறையும் அளவான பி.எச். 5.5க்குக் கீழே இறங்கும்போது எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்குகின்றன. பல்லின் மேற்பரப்பில் சிறிதளவு புளோரைடு இருந்தால், கரைந்த தாதுக்கள் திரும்பப் படிவது விரைவாகிறது. அப்படிப் படியும், புளோரைடு சேர்ந்த தாதுவான புளோரபடைட், பி.எச். 4.5 வரை தாங்குகிறது. இவ்வளவும் முளைத்த பல்லின் மேற்பரப்பில் நடப்பவை. கறையோ, முளைக்காத பல்லுக்கு இரத்தத்தின் வழியே சென்ற புளோரைடால் வருவது. விழுங்குவதால் கிடைக்கும் நன்மை மிகக் குறைவு; விழுங்குவதால் வரும் தீமை மிகுதி. பற்பசையைத் துப்பச் சொல்லிக் கற்றுக்கொடுப்பது இதனால்தான்.

உமிக்கரியைப் பற்றி ஒரு சொல். கறையைப் போக்குவதாக எண்ணி உமிக்கரி, செங்கல் தூள், சாம்பல் ஆகியவற்றால் பிள்ளைகளின் பல்லைத் தேய்க்கும் தாய்மாரை வாரந்தோறும் பார்க்கிறேன். புளோரோசிஸ் கண்ட எனாமல் ஏற்கெனவே வலுவற்றது. தேய்த்தால் அது சிதைந்து குழி விழும்.

கால்கரித் தமிழன்

அமெரிக்க மாநிலங்களைப் பற்றி மேலே ஒருவர் எழுதியிருந்ததால் குறுக்கிடுகிறேன். 2025இல் முதலில் யூட்டாவும் அடுத்து புளோரிடாவும் குடிநீரில் புளோரைடு சேர்ப்பதைத் தடை செய்தது உண்மை. ஆனால் கனடாவில் நான் வாழும் கால்கரி நகரம் எதிர்த்திசையில் நடந்திருக்கிறது. 2011இல் இங்கே புளோரைடு சேர்ப்பதை நிறுத்தினார்கள். பிறகு இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைச் சோதித்தபோது, கால்கரியில் ஏறத்தாழ 65 சதவீதத்தினருக்கும், நிறுத்தாத எட்மண்டன் நகரில் 55 சதவீதத்தினருக்கும் சொத்தை இருந்தது. 2021இல் நகர மக்கள் வாக்களித்து, 2025இன் நடுவில் மீண்டும் சேர்க்கத் தொடங்கினார்கள்.

இங்கே சேர்க்கும் அளவு லிட்டருக்கு 0.7 மில்லிகிராம். அமெரிக்காவிலும் 2015 முதல் பரிந்துரை அதுவே. மிச்சிகனில் உள்ள கிராண்ட் ரேப்பிட்ஸ் நகரில் 1945 சனவரியில் உலகிலேயே முதன்முதலாகச் சேர்க்கத் தொடங்கியபோது 1 மில்லிகிராமாக இருந்ததைப் பிறகு குறைத்தார்கள். பற்பசையிலிருந்தும் புளோரைடு கிடைக்கிறது, லேசான பல் கறை பெருகுகிறது என்பவை அதற்கான காரணங்களில் அடங்கும். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2024இல் வெளியிட்ட மதிப்பாய்வும், புளோரைடு பற்பசை பரவிய பிறகு, நீரில் சேர்ப்பதால் கூடுதலாகக் கிடைக்கும் நன்மை முன்பைவிடக் குறைந்துவிட்டது என்றே சொல்கிறது.

என் கருத்து இதுதான்: இந்தச் சண்டை 0.7 வேண்டுமா, பூச்சியம் போதுமா என்பது பற்றியது. இயற்கையிலேயே 2, 3, 4 என்று புளோரைடு வரும் பாலக்கோட்டுப் பிள்ளைக்கு இதில் எந்தப் பக்கம் வென்றாலும் பயனில்லை.

மூலிகைத்தோட்டம்

மூளை வளர்ச்சி பாதிக்கப்படும் என்ற அறிக்கையை ஏன் மறைக்கிறீர்கள்?

கால்கரித் தமிழன்

மறைக்கவில்லை. அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் 2024 ஆகஸ்டில் அந்த அறிக்கையை வெளியிட்டது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு உள்ள நீரைக் குடிப்பதற்கும் குழந்தைகளின் நுண்ணறிவு ஈவு குறைவதற்கும் தொடர்பு இருப்பதாக, நடுத்தர உறுதியுடன் அது முடிவு செய்கிறது. 0.7 மில்லிகிராமில் அத்தகைய விளைவு உண்டா என்று சொல்லப் போதிய தரவு இல்லை என்பதும் அதே அறிக்கையில் இருக்கிறது. நீங்கள் இதைப் பற்பசைக்கு எதிராகக் காட்டுகிறீர்கள்; அறிக்கை பேசுவதோ உங்கள் மாவட்டத்து ஆழ்துளைக் கிணறுகளில் காணப்படும் அளவைப் பற்றி.

நீர்வழி

மிகச் சரியாகச் சொன்னீர்கள். நம் ஊர்ச் செய்தி எப்போதும் அமெரிக்கா வழியாகச் சுற்றித்தான் வர வேண்டியிருக்கிறது என்பதில் எனக்கு ஓர் ஆற்றாமை உண்டு. புளோரைடைப் பற்றிய பழைய ஆய்வுகளில் ஒன்று சென்னை மாகாணத்திலேயே நடந்தது. நெல்லூர் மாவட்ட ஊர்களில் மக்கள் முதுகு வளைந்து, மூட்டு இறுகிக் கிடந்ததை ஆராய்ந்த ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி ஆகிய மூவரும், அதற்குக் காரணம் குடிநீரில் உள்ள புளோரைடே என்று 1937இல் வெளியிட்டார்கள். அந்தப் பணி நம் கிண்டி கிங் நிறுவனத்தைச் சார்ந்தது. அமெரிக்காவில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரத்துப் பழுப்புப் பற்களைப் பார்த்து மெக்கே என்ற பல் மருத்துவர் 1901இல் தொடங்கிய தேடல், 1931இல்தான் புளோரைடில் வந்து முடிந்தது. அதற்கு ஆறே ஆண்டுகளில் நம் மருத்துவர்கள் எலும்பு வரை போயிருந்தார்கள்.

பல்லில் கறை என்பது அழகுப் பிரச்சினை மட்டும் அன்று என்று நான் வலியுறுத்துவதும் இதனால்தான். பல் கறை, அந்தக் குழந்தையின் முதல் சில ஆண்டுகளில் அந்த வீட்டுத் தண்ணீர் எப்படி இருந்தது என்பதற்கான பதிவு. அதே தண்ணீரை முப்பது நாற்பது ஆண்டுகள் குடிப்பவர்களின் எலும்பையும் மூட்டையும் யார் பார்ப்பது?

கரிமங்கலத்தான்

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை ஏன் யாரும் குறிப்பிடவில்லை? அதன் பெயரிலேயே "புளோரோசிஸ் தணிப்பு" என்று இருக்கிறதே. ஜப்பான் நிதியுதவியோடு, 2008இல் அடிக்கல் நாட்டி, 2013 மே மாதம் தொடங்கி வைத்தார்கள். காவிரி ஆற்று நீரில் புளோரைடு மிகக் குறைவு. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களுக்கும் அந்த நீர் வருகிறது. கயல்விழி அவர்களின் ஊருக்கு வரவில்லையா?

கயல்விழி

பல்லவன் ஐயாவுக்கும் நீர்வழி அவர்களுக்கும் மற்ற அனைவருக்கும் மிக்க நன்றி. ஒகேனக்கல் தண்ணீர் எங்கள் தெருவுக்கு வருகிறது. ஆனால் நாள்தோறும் வருவதில்லை. அது வராத நாட்களில் மேல்நிலைத் தொட்டியில் ஊர்ப் போர் தண்ணீரை ஏற்றி விடுகிறார்கள். இரண்டும் கலந்து வருவதும் உண்டு. குழாயைத் திறக்கும்போது எந்தத் தண்ணீர் வருகிறது என்று எங்களுக்குத் தெரியாது. ஆகையால் குடிப்பதற்குக் கேன் தண்ணீர் வாங்குகிறோம். சமையலுக்குக் குழாய்த் தண்ணீர்தான். மகனுக்கு ஆறு மாதத்திலிருந்து கேழ்வரகுக் கூழும், பிறகு களியும் சோறும் கொடுத்து வருகிறோம்.

பல்லவன்

அம்மா, நீங்கள் போகிற போக்கில் எழுதிய கடைசி இரண்டு வாக்கியங்களில்தான் இந்த இழை முழுவதற்குமான விடை இருக்கிறது.

குடிக்கக் கேன் தண்ணீர், சமைக்கப் போர் தண்ணீர் என்பதுதான் இந்த மாவட்டத்தில் பெரும்பாலான வீடுகளின் வழக்கம். காய்ச்சினால் புளோரைடு போகாது. நீர் ஆவியாவதால் மீதமுள்ள நீரில் அதன் செறிவு கூடவே செய்யும். மண்பானையில் ஊற்றி வைத்தாலும், துணியில் வடிகட்டினாலும் போகாது. சோறு தன் எடையை மிஞ்சிய நீரை உறிஞ்சுகிறது. கூழும் களியும் சொல்லவே வேண்டாம். கிண்ணத்தில் இருப்பதில் பெரும்பங்கு தண்ணீர்தான். ஒன்றரை வயதுக் குழந்தை குடிப்பதைவிட உண்ணும் நீரே அதிகமாக இருக்கக்கூடும்.

தாய்ப்பாலைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். தாய் குடிக்கும் நீரில் புளோரைடு கூடுதலாக இருந்தாலும் பாலில் அது மிகச் சொற்பமாகவே இறங்குகிறது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை இதிலிருந்து காக்கப்படுகிறது. அதே ஊரில் பால்மாவைப் போர் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் குழந்தைக்கு அந்தக் காப்பு இல்லை. இணை உணவு தொடங்கும் ஆறாம் மாதத்திலிருந்து கூழ் காய்ச்சும் தண்ணீரே முக்கியமாகிறது.

ஆகவே செலவைக் குறைக்க வேண்டுமென்றால், பெரியவர்கள் குடிக்கும் கேனில் சிக்கனம் செய்து, குழந்தையின் கூழுக்கும் சோற்றுக்கும் நல்ல தண்ணீரை ஒதுக்குங்கள்.

வன்னியூர் வாணி

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் நாட்டின் வறண்ட வலயத்திலும், குறிப்பாக அநுராதபுரம், பொலன்னறுவை மாவட்டங்களில், குழாய்க்கிணற்று நீரால் பிள்ளைகளின் பற்கள் இப்படித்தான் கறைபடுகின்றன. யாழ்ப்பாணத்தில் சுண்ணாம்புக்கல் நிலம் என்பதால் அங்கே பெரிதாகப் பேசப்படுவது நைத்திரேற்றுப் பிரச்சினை. எங்கள் பக்கத்தில் உடைத்த செங்கற்சல்லி நிரப்பிய வடிகட்டிகளை வீடுகளில் வைத்துப் பார்த்தார்கள். குறைந்த சூட்டில் சுட்ட செங்கல் புளோரைடை ஓரளவு பிடித்துக்கொள்ளும். ஆனால் சல்லியைக் காலத்துக்குக் காலம் மாற்ற வேண்டும், மாற்றுவோர் குறைவு. இந்தியாவில் இதற்கு என்ன செய்கிறார்கள் என்று அறிய விரும்புகிறேன்.

நீர்வழி

வாணி அவர்களே, நாக்பூரில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் 1970களில் உருவாக்கிய "நல்கொண்டா முறை" பரவலாக அறியப்பட்டது. தண்ணீரில் சுண்ணாம்பும் படிகாரமும் சேர்த்துக் கலக்கித் தெளிய வைத்து, மேல்நீரை இறுப்பார்கள். மலிவானதுதான், ஆனால் நீரின் காரத்தன்மைக்கும் புளோரைடுக்கும் ஏற்பப் படிகாரத்தின் அளவை மாற்ற வேண்டும், மிஞ்சினால் அலுமினியம் நீரில் தங்கும். புளோரைடைப் பிடித்துக்கொள்ளும் செயலூட்டிய அலுமினா என்ற பொருளை நிரப்பிய வடிகட்டிகளும் உண்டு. அவற்றை அவ்வப்போது காரத்தாலும் அமிலத்தாலும் கழுவிப் புதுப்பிக்க வேண்டும். கிராமத்துக் கைப்பம்புகளில் பொருத்தப்பட்டவை பல இடங்களில் கைவிடப்பட்டதற்கு, புதுப்பிக்கும் பொறுப்பு யாருடையது என்று முடிவு செய்யாததே காரணம். நீங்கள் சொன்ன செங்கல் வடிகட்டியின் கதைதான் இங்கும்.

ஆர்.ஓ. கருவி புளோரைடில் பெரும்பகுதியை நீக்கும், ஆனால் நிறைய நீரைக் கழிவாக்கும். மழைநீரில் புளோரைடு அனேகமாக இல்லை. கூரையில் விழும் நீரை மண்ணுக்குள் விடாமல் மூடிய தொட்டியில் பிடித்து, ஒரு குழந்தையின் சமையலுக்கு மட்டும் வைத்துக்கொள்வது பல வீடுகளுக்கு இயலக்கூடியது.

மூலிகைத்தோட்டம்

புளியைச் சேர்த்துக்கொண்டால் புளோரைடு சிறுநீரில் வெளியேறிவிடும் என்று ஐதராபாத்தில் ஆய்வு செய்து காட்டியிருக்கிறார்கள். இதையாவது ஒப்புக்கொள்வீர்களா?

பல்லவன்

மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்கிறேன். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 2002இல் வெளியிட்ட அந்த ஆய்வில், புளி உண்ட சிறுவர்களின் சிறுநீரில் புளோரைடு கூடுதலாக வெளியேறியது. மிகச் சிறிய குழுவில், சில வாரங்கள் மட்டும் நடந்த ஆய்வு அது. முளைத்த பல்லின் கறையைப் புளி போக்கும் என்று அவர்கள் சொல்லவில்லை. புளிக்குழம்பை அந்தப் போர் தண்ணீரிலேயே கரைத்தால் வரவும் செலவும் ஒன்றாகிவிடும். உணவைப் பொறுத்தவரை கால்சியமும் புரதமும் வைட்டமின் சியும் போதிய அளவில் கிடைக்கும் குழந்தைகளை புளோரைடு குறைவாகத் தாக்குகிறது என்பது நெடுநாளாக அறியப்பட்டது. பாலும் மோரும் கீரையும் நெல்லிக்காயும் கொடுங்கள். தேயிலைச்செடி மண்ணிலுள்ள புளோரைடை இலையில் சேர்த்து வைப்பது. சிறு பிள்ளைகளுக்குத் தேநீர் கொடுக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள்.

இளந்தளிர்

நான் குழந்தைகள் பல் மருத்துவத்தில் மேற்படிப்பு படிக்கிறேன். பல்லவன் ஐயாவோடு ஒரே ஓர் இடத்தில் மாறுபடுகிறேன். தண்ணீரிலேயே வரம்பு மீறிவிட்ட ஊரில், துப்பத் தெரியாத ஒன்றரை வயதுக் குழந்தைக்கு அரிசி மணி அளவுப் புளோரைடு பற்பசைகூட ஏன்? சமையல் தண்ணீர் சரியாகும் வரை, ஈரத் தூரிகையால் மட்டும் துலக்கி, இரவில் பால் புட்டியை வாயில் வைத்தபடி தூங்க விடாமல் பார்த்துக்கொண்டால் போதாதா?

பல்லவன்

நியாயமான கேள்வி. என்னுடைய தயக்கம் வேறிடத்தில் இருக்கிறது. பற்பசையை நிறுத்துங்கள் என்று சொன்ன மறுநாளே, தண்ணீரை மாற்றியாக வேண்டும் என்ற கவலை அந்த வீட்டிலிருந்து போய்விடுகிறது. பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். 0.2ஐ நிறுத்திவிட்டு 2.4ஐ விட்டுவைத்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். கறையுள்ள பல்லுக்குச் சொத்தை வராது என்ற எண்ணமும் தவறு. குழி விழுந்த எனாமலில் உணவு தங்கிச் சொத்தை எளிதாகவே பிடிக்கும்.

இளந்தளிர்

நீங்கள் சொல்வது மக்களின் மனப்போக்கைப் பற்றியது. நான் கேட்பது அந்த ஒரு குழந்தையைப் பற்றியது. தண்ணீரின் சோதனை எண் கைக்கு வந்த பிறகு முடிவெடுக்கலாம் என்றே நான் சொல்வேன். 1க்குக் கீழே என்றால் ஐயா சொல்வதுபோல் அரிசி மணி அளவு. 2க்கு மேலே என்றால் தண்ணீரை மாற்றும் வரை பற்பசை இல்லாத தூரிகை. ஏழு வயது மகளுக்கு இந்தக் குழப்பமே இல்லை. அவளுக்குத் துப்பத் தெரியும், முன்பற்களின் எனாமல் முடிந்துவிட்டது. பட்டாணி அளவுப் புளோரைடு பற்பசையை அவள் தாராளமாகப் பயன்படுத்தலாம், பயன்படுத்த வேண்டும்.

கயல்விழி

மகளின் கறைக்கு மருத்துவம் உண்டா? பள்ளியில் பிள்ளைகள் கேலி செய்வதால், புகைப்படம் எடுக்கும்போது வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள்.

இளந்தளிர்

உண்டு. லேசான கறையென்றால் எனாமலின் மேற்படலத்தை மிக மெல்லியதாக அமிலமும் தூளும் கொண்டு தேய்த்தெடுக்கும் முறை இருக்கிறது. நுண்துளைகளுக்குள் பிசினை ஊடுருவச் செய்யும் முறையில் வெள்ளைத் திட்டுகள் பெரும்பாலும் மங்கிவிடுகின்றன. குழி விழுந்திருந்தால் பல்நிறப் பூச்சு வைத்து நிரப்பலாம். பல்லைச் சீவி உறை மாட்டுவதை இந்த வயதில் யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அது வளர்ந்த பிறகு பேச வேண்டியது. அரசுப் பல் மருத்துவக் கல்லூரி ஒன்றின் குழந்தைகள் பிரிவுக்கு ஒருமுறை அழைத்துச் சென்று, கறை எந்த அளவில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நீர்வழி

தண்ணீர்ச் சோதனைக்குச் செல்வதற்கு முன் சில குறிப்புகள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் மாதிரியைக் கொடுக்கலாம். கண்ணாடிக் குப்பியில் புளோரைடு வினைபுரியக்கூடும் என்பதால் சுத்தமான பிளாஸ்டிக் குப்பியை அதே தண்ணீரால் இருமுறை அலசிவிட்டுப் பிடியுங்கள். தொட்டியிலிருந்து எடுக்காமல், நீங்கள் சமையலுக்குப் பிடிக்கும் குழாயிலிருந்தே எடுங்கள். ஒகேனக்கல் நீர் வரும் நாளில் ஒன்று, வராத நாளில் ஒன்று என இரண்டு மாதிரிகள் தேவை. வாங்கும் கேன் தண்ணீரையும் மூன்றாவதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதன் மேல் ஒட்டியிருக்கும் சீட்டை மட்டும் நம்பி இருப்பதற்கில்லை.

கரிமங்கலத்தான்

நான்காவது ஒன்றும் இருக்கிறது. மகன் அடுத்த ஆண்டு அங்கன்வாடிக்குப் போவான். அங்கே சத்துணவு சமைக்கும் தண்ணீர் எதிலிருந்து வருகிறது என்று யாராவது கேட்டிருக்கிறோமா? எங்கள் ஊரில் அது தொட்டிக் குழாயிலிருந்துகூட இல்லை, வளாகத்துக்குள்ளேயே போட்ட போரிலிருந்து வருகிறது. மதியச் சோறும் பருப்பும் அதில்தான் வேகின்றன. கிராம சபையில் இதை எழுத்தில் கொடுத்திருக்கிறோம். கயல்விழி அவர்கள் தங்கள் ஊரில் விசாரித்து இங்கே எழுதினால், இரண்டு ஊர் மனுவையும் சேர்த்தே மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கலாம்.

கயல்விழி

அங்கன்வாடியிலும் போர் தண்ணீர்தான், இப்போதுதான் பணியாளரிடம் கேட்டேன். அந்த மாதிரியையும் சேர்த்து நான்காகக் கொண்டுபோகிறேன். மனுவின் நகலை அனுப்பி வையுங்கள், அண்ணா.